கல்லூரிச் சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதவிருக்கும் ஆசிரிய பயிலுனர்களுக்கு

கல்வியியற் கல்லூரியில் இரண்டாம் வருடம் கற்றுக்கொண்டிருந்தபோது, எங்கள் வருடாந்தச் சஞ்சிகைக்கு 'மட்டக்களப்பின் பண்பாடு' என்ற தலைப்பில் 14 பக்கக் கட்டுரையொன்றைக் கொடுத்தேன். எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' ஆகிய இரண்டையும் வாசித்து, அவற்றில் இருந்தவற்றையே என் நடையில் எழுதியிருந்தேன். கட்டுரையை மதிப்பிட்ட பல்கலைக்கழக விரிவுரையாளர், முதற்பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரேயொரு கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பினார்: "இதில் நீங்கள் தேடிக் கண்டது எது?" இரண்டு நாட்கள் மனம் நொந்திருந்தேன். கல்லூரியில் நான் பெற்ற மிகப் பெரிய பாடம் அந்தக் கேள்விதான் என்பதை இப்போது உறுதியாகச் சொல்வேன்.

எங்கள் பகுதிக் கல்லூரிச் சஞ்சிகைகளில் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கவிஞர்களும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரும் அதே இதழில் எழுதுகிறார்கள். கோட்பாட்டு அறிவு ஒரு சாராரிடமும், வாழ்ந்து பெற்ற தரவு மறு சாராரிடமும் இருக்கின்றன. இவ்விரு சாராருக்கும் நடுவில் நிற்கும் பயிலுனர், முன்னவரின் முறையைக் கொண்டு பின்னவரிடம் உள்ளதைப் பதிவு செய்ய முடியும். தலைநகரில் வெளிவரும் ஆய்விதழுக்குப் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் வயல்வெளிச் சொல்லொன்று சிறு விடயமாகத் தோன்றலாம். எங்கள் சஞ்சிகைக்கு அதுவே உயிர்.

ஆகவே தலைப்பைச் சுருக்குங்கள். நான் 'மட்டக்களப்பின் பண்பாடு' என்பதைக் கைவிட்டு, நெல் அறுவடைச் சொற்கள் என்ற சிறிய பரப்பை எடுத்துக்கொண்டேன். வெட்டு மெசின் வந்த பின்னர் கையால் அறுவடை செய்யும் வேலைகள் அருகிவிட்டன; அவற்றுக்குரிய சொற்கள் முதியவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. சனி, ஞாயிறு நாட்களில் 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தைச் சைக்கிளில் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்குச் சென்று, ஐந்து முதியவர்களிடம் பேசினேன்.

அவர்களுள் ஒருவரிடம் உப்பட்டி என்றால் என்ன என்று கேட்டபோது, அவர் சொல்லால் விளக்கவில்லை. முற்றத்தில் கிடந்த வைக்கோலில் ஒரு பிடி அள்ளி, இடது கையால் அழுத்தி, வலது கையில் தாக்கத்தி (கதிர் அறுக்கும் அரிவாள்) இருப்பதுபோல் ஒரு வீச்சு வீசி, அந்தப் பிடியை நுனிகள் ஒரே பக்கம் பார்க்கும்படி நிலத்தில் பரப்பிவைத்தார். "இதுதான்" என்றார். நான் தொலைபேசியில் குரலை மட்டுமே பதிவு செய்துகொண்டிருந்தேன். அந்தக் கையசைவு பதிவாகவில்லை. அன்றிலிருந்து, ஒரு சொல்லைக் கேட்கும்போது அதற்குரிய வேலையைச் செய்து காட்டும்படியும் கேட்டு, அதைப் படமெடுத்தோ வரைந்தோ வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி அட்டையில் எழுதி, சொன்னவரின் வயதையும் ஊரையும் நாளையும் குறித்தேன். உப்பட்டி, சூடு (உப்பட்டிகளை அடுக்கிய போர்), பொலி (களத்தில் சேரும் நெல்) என்று அட்டைகள் பெருகியபோதுதான், கட்டுரையை அறுவடை நடைபெறும் ஒழுங்கிலேயே அமைக்கலாம் என்பது தெரிந்தது.

எழுதத் தொடங்குமுன் இதே விடயத்தை வேறு எவரேனும் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தேயாக வேண்டும். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளும் பாடசாலை மலர்களும் நிறைய உள்ளன. அங்கு செலவிடும் ஒரு மாலைப்பொழுது வீண்போகாது. கந்தையாவின் நூலுக்கும் நான் மீண்டும் சென்றேன். ஆனால் இம்முறை எடுத்து எழுதுவதற்காக அன்று, ஐந்து முதியவர்கள் சொன்னதோடு ஒப்பிடுவதற்காகவே சென்றேன். அப்போது அந்த நூல் முன்பைவிடப் பல மடங்கு பேசியது.

அச்சுப்படி பார்ப்பது சலிப்பான வேலை, எனினும் அதை எவரிடமும் விட்டுவிடாதீர்கள். இங்கு பல அச்சகங்கள் இன்னும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் வேலை செய்கின்றன. யுனிகோட்டில் நாம் தட்டச்சிட்டது அதற்கு மாற்றப்படும்போது, உசாத்துணைப் பட்டியலில் உள்ள ஆங்கில நூற்பெயர்கள் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடக்கூடும். எனக்கு மூன்று நூற்பெயர்கள் அவ்வாறு சிதைந்தன. மூலப்பிரதியின் பீடிஎப் வடிவத்தையும் சேர்த்துக் கொடுத்தால் ஒப்பிட்டுத் திருத்துவது எளிது.

மதிப்பீட்டாளரின் குறிப்புகளுக்கு ஒவ்வொன்றாக எழுத்தில் பதிலளியுங்கள். உடன்படாத இடத்தில் காரணத்தைப் பணிவாகச் சொல்லலாம். என் மதிப்பீட்டாளர் அவ்வாறான இரண்டு இடங்களில் என் கருத்தை ஏற்றுக்கொண்டார். பிற்காலத்தில் பாடசாலையொன்றில் கற்பித்தபடி பெறும் கட்டுறுப் பயிற்சியின்போது, சொந்த வகுப்பறைப் பிரச்சினையை ஆராயும் செயல்நிலை ஆய்வு அறிக்கையை எழுத நேர்ந்தபோது, தரவைக் குறித்துவைப்பதும் அத்தரவு தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் முடிவு சொல்வதும் எனக்குப் புதியனவாக இருக்கவில்லை.

சஞ்சிகை வெளிவந்ததும் ஐந்து வீடுகளுக்கும் ஒவ்வொரு பிரதி கொண்டுசென்றேன். தரவு தந்தவருக்குப் பிரதி கொடுப்பதை ஒரு கடமையாகவே கருதுங்கள். வைக்கோலை அள்ளிக் காட்டிய ஐயாவுக்குப் பார்வை குறைந்திருந்ததால், திண்ணையில் அமர்ந்து நானே வாசித்துக் காட்டினேன். உப்பட்டியைக் கட்டிச் சூடு வைக்கும் பகுதி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "ரெண்டு மூண்டு நாள் காயணும் மகன். ஈரத்தோட கட்டினா சூடு புழுங்கிப் போகும். அத நீ எழுதல்லயே." அங்கிருந்தபடியே அட்டையொன்றில் அதைக் குறித்துக்கொண்டேன், அடுத்த இதழில் அது அவருடைய திருத்தமாக, அவர் பெயருடன் வெளிவந்தது.