அரை மில்லி சல்லடை

“சார், அடியில அரை மில்லி சல்லடையும் போட்டுக்கலாமா?”

“வேண்டாம்மா, ஒரு மில்லி போதும்.”

ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்தவள் கேட்டாள், நான் சொன்னேன். அவ்வளவுதான் பேச்சு. குஜராத்தின் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில், கல்லாகிப்போன மீன் பற்களைத் தேடி அள்ளிய பன்னிரண்டு மூட்டைக் களிமண், ஏறக்குறைய 300 கிலோ, அந்தச் சொல்படியே கழுவி முடிந்தது.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. சூரத் மாவட்டத்துப் பழுப்பு நிலக்கரி அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் களிமண்ணில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் உண்டு. மூட்டையிலேயே கிடந்தால் காற்றும் ஈரமும் பட்டுக் கந்தக அமிலம் ஊறும், ஜிப்சம் ஊசிகள் முளைக்கும், பல்லின் வேர் பொடிந்துபோகும். அதனால் உடனே கழுவியாக வேண்டும். தண்ணீரோ டேங்கரில் வந்தது. அரை மில்லி வலையைக் கரித்துகள் அடைத்துக்கொண்டால் ஒரு வாளி இறங்கக் கால் மணி நேரம் ஆகும். பொறுமை இழந்து விரலால் தேய்த்தால் பல்லின் முனை ஒடியும்.

ஆனால் கரித்துகள் களிமண்ணைவிட இலேசு, கலக்கினால் மேலே எழும். முதலில் வாளியிலேயே கலக்கி, மேலே வந்ததை வடித்துவிட்டால் பாதி அடைப்பு குறைந்திருக்கும். இது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

மற்றதிலெல்லாம் கவனமாகத்தான் இருந்தோம். களிமண்ணை மூன்று நாள் வெயிலில் கல்லாகக் காயவைத்தோம். மண்ணெண்ணெயில் இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, எண்ணெயை வடித்துத் தண்ணீர் ஊற்றினால், நுண்துளைகளில் புகுந்த எண்ணெயைத் தண்ணீர் வெளியே தள்ளும். கட்டி பொலபொலவென்று உதிரும். உள்ளே துளி ஈரம் இருந்தாலும் எண்ணெய் இறங்காது, நடுப்பகுதி உருண்டையாக நின்றுவிடும். அமிலத்தைத் தொடவே இல்லை, ஏனென்றால் மீனின் காதுக்குள் இருக்கும் தலைக்கல் அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். அசிட்டிக் அமிலத்திலேயே கரைந்துவிடும்.

கிடைத்தவை பெரும்பாலும் சுறாப் பற்கள். பால்சுறாவுக்கு உறவானவை, ஒரு பக்கம் சாய்ந்தவை. கழுகுத் திருக்கையின் தட்டைப் பற்கள் தளம் பாவிய ஓட்டுத்துண்டு போலச் சில. சின்னத் திருக்கைகளின் பல் விரல்விட்டு எண்ணும்படி இருந்தது. அட்டவணையில் அதற்கு நேரே ‘அரிது’ என்று எழுதினேன்.

பிறகு, ஒதுங்கிக் கிடந்த 4 கிலோ மண்ணை அவள் ஆய்வகத்தில் தானாகவே அரை மில்லியில் கழுவினாள். நுண்ணோக்கியைக் காட்டி, “பாருங்க சார்” என்றாள். கடுகில் பாதிகூட இல்லாத பல். மேலே சாய்சதுரமாகப் பல்லின் மகுடம்; கீழே வேர் நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு காலாகப் பிரிந்திருந்தது. திருக்கையேதான். பக்கத்தில் இன்னொன்று, கூர்முனையோடு. அது ஆணுடையதாக இருக்கலாம். மொத்தம் 61 எண்ணினாள். ஒரு மில்லி சல்லடையில் போட்டுப் பார்த்தபோது அதில் நின்றவை 7.

சுமார் 5.4 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா நிலநடுக்கோட்டை ஒட்டி இருந்தது. அந்தக் கரையில் மழைக்காடு இருந்ததற்கு அதே சுரங்கத்து ஆம்பர், அதாவது கல்லாகிப்போன மரப்பிசின், சாட்சி. காட்டாறு சேறு கொண்டுவந்து கொட்டும் ஆழமில்லாத உப்பங்கழி என்றால் அது சின்னத் திருக்கைகள் புதைந்து படுக்கும் இடம். சுறாக்கள் மிகுந்த திறந்த கரைக்கடல் என்று நான் எழுதியது என் சல்லடை எழுதிய முடிவோ என்று தோன்றுகிறது.

அப்படியும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு திருக்கை வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும். 61 பல் ஒன்றிரண்டு மீனுடையதாகவும் இருக்கலாம். அந்த 4 கிலோவும் பல் திரண்டு கிடந்த ஏதோ ஒரு பொந்திலிருந்து வந்திருக்கலாம். இதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்கிறேன். உடனே, 300 கிலோவிலிருந்து கலங்கல் தண்ணீரோடு குழிக்குள் ஓடியது எத்தனையோ என்ற நினைப்பு வந்துவிடுகிறது. திரும்பப் போய் அள்ளச் சுரங்கத்தின் அந்த வெட்டுமுகப்பும் இல்லை. கரி எடுத்த பின் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள்.

“நான் அப்பவே சொன்னேனே” என்று அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. “அட்டவணையில எப்படி சார் போடட்டும்?” என்று மட்டும் கேட்டாள். இரண்டையும் தனித்தனி வரிசையாகப் போடு, பக்கத்தில் சல்லடை அளவைக் குறி என்றேன். போட்டுவிட்டாள். பழைய வரிசையில் திருக்கைக்கு நேரே இருந்த ‘அரிது’ என்பதை நானே அடித்தேன். அதற்குப் பதிலாக இன்னும் எதுவும் எழுதவில்லை.