முதியவர் சொல்லும் களைப்பும் கணக்கில் சேர வேண்டும்

ஒருவருடைய புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும், குடும்பத்தார் மருத்துவரிடம் முதலில் கேட்பது இன்னும் எவ்வளவு காலம் என்பதைத்தான். அதற்கான விடையை ஸ்கேன் படங்களிலும் ரத்தப் பரிசோதனைகளிலும் தேடுகிறோம். நோயாளி தன் வாயால் சொல்லும் களைப்பும் வலியும் பசியின்மையும் அந்த விடையின் ஒரு பகுதி என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. வயதில் மூத்த உறவினர் ஒருவருக்குத் துணையாகச் சிகிச்சைக்குச் சென்று வந்த காலத்தில் எழுந்த கேள்விகளால் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

மருத்துவர்களின் கணிப்பு எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதை 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து பார்த்தது. இறுதிக்கட்டத்தில் இருந்த 468 நோயாளிகளைப் பற்றிய கணிப்புகளில் ஏறத்தாழ 20 விழுக்காடுதான் உண்மைக்கு அருகில் இருந்தன. 63 விழுக்காடு, நோயாளி உண்மையில் வாழ்ந்ததைவிட நீண்ட காலத்தைச் சொல்லியிருந்தன. நோயாளியை நெடுநாளாக அறிந்த மருத்துவரின் கணிப்பு கூடுதலாகப் பிசகியது என்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. பரிவு மதிப்பீட்டைத் தளர்த்துகிறது என்றால், அந்த மதிப்பீட்டுக்கு வேறொரு துணை தேவைப்படுகிறது.

அந்தத் துணை நோயாளியிடமே இருக்கிறது. ஐரோப்பாவில் நடந்த 30 மருத்துவ ஆய்வுகளில் கலந்துகொண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2009-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், வயது, நோய் பரவிய நிலை போன்ற விவரங்களோடு நோயாளிகள் தாமே நிரப்பிய வினாத்தாளின் விடைகளையும் சேர்த்தபோது உயிர்வாழும் காலத்தைப் பற்றிய கணிப்பு மேலும் துல்லியமானது. குறிப்பாக வலி, பசியின்மை, அன்றாட உடல் இயக்கம் ஆகிய மூன்றும் தனித்தனியே உயிர்வாழும் காலத்தோடு தொடர்பு கொண்டிருந்தன. இதற்கு உடலியல் காரணமும் உண்டு. கட்டிக்கும் உடலுக்கும் இடையே நடக்கும் போராட்டத்தில் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் பசியைக் குறைத்து, தசையைக் கரைத்து, ஓய்வெடுத்தாலும் நீங்காத களைப்பை உண்டாக்குகின்றன. ஸ்கேன் படத்தில் கட்டியின் அளவு மாறாமல் இருக்கும்போதே இந்த மாற்றத்தை நோயாளி உணரத் தொடங்கிவிடலாம்.

முதியவர்களிடம் இந்தச் செய்தி வெளியே வருவதுதான் கடினம். எழுபது வயதைக் கடந்தவர் களைப்பை முதுமையின் கணக்கில் எழுதிவிடுகிறார்; "வயசாச்சு, இப்படித்தான் இருக்கும்" என்று சுற்றியிருப்பவர்களும் சொல்லிவிடுகிறார்கள். வலியைச் சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் சிலருக்கு. பிள்ளைகளுக்கு மேலும் பாரமாகிவிடக் கூடாது என்ற தயக்கம் வேறு சிலருக்கு. காது மந்தமானவர்களும் நினைவு தடுமாறுபவர்களும் அவசரமாகக் கேட்கப்படும் கேள்விக்குத் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பதிலாகப் பேசும் நாமோ, வாந்தி, மூச்சுத்திணறல் போன்ற கண்ணுக்குத் தெரிபவற்றைச் சரியாகச் சொல்கிறோம். மனச்சோர்வையும் பதற்றத்தையும் ஊகித்துத்தான் சொல்கிறோம். ஆகவே அவரால் பேச முடிகிற வரை அவரிடமே கேட்பதுதான் முறை என்று உறுதியாக நம்புகிறேன்.

அப்படிக் கேட்பதால் கணிப்புக்கு அப்பாலும் பயன் உண்டா? நியூயார்க்கில் 766 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினர் தங்கள் அறிகுறிகளைக் கணினி வழியே தவறாமல் பதிவு செய்தார்கள். நிலைமை மோசமானால் செவிலியருக்கு உடனே தகவல் போனது. 2017-இல் வெளியான முடிவின்படி, அவர்களின் இடைநிலை உயிர்வாழ்வுக் காலம், அதாவது பாதிப்பேர் கடந்து வாழ்ந்த காலம், 31.2 மாதங்கள், வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களுக்கு 26 மாதங்கள். ஆனால் பின்னர் 52 மையங்களில் நடந்த பெரிய ஆய்வில் ஆயுள் நீளவில்லை. அறிகுறிகள் கட்டுக்குள் இருந்ததும் வாழ்க்கைத்தரம் மேம்பட்டதும் உறுதியாயின. ஆயுளை நீட்டும் என்ற வாக்குறுதி இல்லாவிட்டாலும், வலி குறைந்த நாட்களே இதற்குப் போதுமான காரணம் என்பது என் எண்ணம்.

கேட்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. 1991 முதல் புழக்கத்தில் இருக்கும் எட்மண்டன் அளவுகோல் வலி, களைப்பு, குமட்டல், பசி, மூச்சுத்திணறல் போன்ற ஒன்பது அம்சங்களுக்கு 0 முதல் 10 வரை எண் தரச் சொல்கிறது. எண்ணாகச் சொல்லத் தயங்குபவரிடம், நேற்று எத்தனை முறை படுக்க நேர்ந்தது, குளியலறை வரை தனியாக நடக்க முடிந்ததா என்று கேட்டால் விடை தெளிவாகவே வரும். ஒரு நாள் எண்ணைவிட, சில வாரங்களில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே மருத்துவருக்குப் பெரிதும் உதவும். நான்கிலிருந்து எட்டுக்கு ஏறிய களைப்பைக் கண்டால் ரத்தசோகையா, மருந்தின் விளைவா, மனச்சோர்வா என்று தேட வேண்டும். இவற்றில் பல சிகிச்சைக்கு இணங்குபவை.

இடைநிலைக் காலம் பத்து மாதம் என்று மருத்துவர் சொன்னால், அதே நிலையில் உள்ளவர்களில் பாதிப்பேர் அதற்குமேல் வாழ்கிறார்கள் என்றே பொருள். எதிரில் அமர்ந்திருக்கும் தனி ஒருவருக்குக் குறித்துக் கொடுத்த தேதி அல்ல. அந்தக் காலத்தை அறிய விரும்புகிறாரா, விரும்பினால் எவ்வளவு விவரமாக, யார் உடனிருக்க என்பதையும் அந்த முதியவரிடமே முதலில் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்கலாம், வலிக்கான மருந்து காத்திருக்கக் கூடாது.