பெஞ்சமின் பிரிட்டனும் அவருடைய கடற்கரை ஊரும்

காரைக்குடியில் இருந்துகொண்டு பெஞ்சமின் பிரிட்டன் என்னும் ஆங்கில இசையமைப்பாளரைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் தமிழ் இசைச் சங்கத்தைத் தோற்றுவித்த செய்தியைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஓர் இளைஞர் தம் தாய்மொழிப் பாட்டுக்காகச் செய்த வேலை எளிதில் விளங்கும்.

பிரிட்டன் 1913 நவம்பர் 22 அன்று, கிழக்குக் கரையில் உள்ள லோஸ்டாஃப்ட் என்னும் மீன்பிடித் துறைமுக ஊரில், பல் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தாயார் நன்றாகப் பாடுவார். பள்ளிப் பருவத்திலேயே ஃபிராங்க் பிரிட்ஜ் என்னும் இசையமைப்பாளருக்கு மாணவரானார். பின்னாளில் லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் படித்ததைவிட இவரிடம் பெற்றதே மிகுதி என்பது என் கருத்து. 1930களில் அஞ்சல் துறையின் ஆவணப்படங்களுக்கு, கைவிட்டு எண்ணக்கூடிய கருவிகளைக் கொண்டு இசையமைத்த பழக்கமும் கடைசிவரை அவருக்குக் கைகொடுத்தது.

1939இல், வாழ்நாள் துணையாக இருந்த பாடகர் பீட்டர் பியர்ஸுடன் அமெரிக்கா சென்றார். ஆண்கள் இருவர் இணைந்து வாழ்வதைச் சட்டம் குற்றமாகக் கருதிய காலம் அது. 1941இல் கலிஃபோர்னியாவில் இருந்தபோது, ஆல்ட்பரோ என்னும் கடற்கரை ஊரில் பிறந்த ஜார்ஜ் கிராப் என்ற கவிஞரைப் பற்றி எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் எழுதிய கட்டுரை ஒன்று அவர் கண்ணில் பட்டது. தாம் எந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்த அட்லாண்டிக் கடலைக் கடந்து 1942இல் ஊர் திரும்பினார்.

கிராப் எழுதிய கவிதையிலிருந்து பிறந்ததே 'பீட்டர் கிரைம்ஸ்' என்னும் ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் இசை நாடகம். 1945 ஜூன் 7 அன்று லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் அது முதன்முதலாக மேடையேறியது. 1695இல் மறைந்த ஆங்கில இசையமைப்பாளர் பர்செல்லின் காலத்துக்குப் பிறகு ஆங்கிலப் பாட்டில் அரிதாகிப்போன ஒளியையும் விடுதலையையும் உயிர்ப்பையும் மீட்பது தம் முதன்மையான நோக்கங்களில் ஒன்று என்று பிரிட்டனே எழுதியிருக்கிறார். கையாளாக இருந்த சிறுவனின் சாவுக்குக் காரணமென்று ஊர் சந்தேகிக்கும் ஒரு மீனவனின் கதை அது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று நாம் சொல்வதை, கூட்டுப் பாடல்களால் இத்தனை அச்சமூட்டும்படி வேறு யாரும் இசையாக்கியதாக எனக்குத் தெரியவில்லை. இறுதியில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் ஓய்ந்துவிடுகிறது. மூடுபனிச் சங்கின் ஒலியும், தொலைவிலிருந்து அவன் பெயரைக் கூவும் ஊராரின் குரல்களும் மட்டுமே கேட்க, கிரைம்ஸ் சித்தம் கலங்கித் தனியாகப் பாடுகிறான். படகோடு கடலில் மூழ்கிவிடு என்று நண்பர் அவனிடம் சொல்லும் சொற்களுக்குப் பாட்டே இல்லை, வெறும் பேச்சுதான். எங்கே இசையை நிறுத்த வேண்டும் என்று அறிந்தவரின் கைவண்ணம் அது.

புகழ் வந்த பிறகும் அவர் லண்டனில் தங்கிவிடவில்லை. ஆல்ட்பரோவிலேயே குடியேறி, 1948இல் அங்கே ஓர் இசை விழாவைத் தொடங்கினார். அருகிலுள்ள ஆர்ஃபோர்ட் தேவாலயத்தில் 1958இல் அரங்கேறிய 'நோயீஸ் ஃபிளட்' என்னும் பிரளயக் கதையில் உள்ளூர்ப் பிள்ளைகளே பாடினார்கள், வாசித்தார்கள். முதல் மழைத்துளிகளுக்காகக் கோப்பைகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டச் செய்தார் பிரிட்டன். எங்கள் வளவில் அந்தப் பகுதியை ஒலிக்கவிட்டபோது அப்பத்தா, "இரண்டாங்கட்டுல கெடக்குற இனாமல் கோப்பையத் தட்டினாலும் இந்தச் சத்தம் வருமேப்பா" என்றார். பிரிட்டன் விரும்பியதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். பயிற்சி இல்லாத கைகளுக்கும் உண்மையான இசையில் ஒரு வேலை கொடுத்தார், அதற்காக இசையின் தரத்தைச் சற்றும் தாழ்த்தவில்லை.

அவர் போரை அடியோடு மறுத்தவர். 1940இல் குண்டுவீச்சில் அழிந்த கவென்ட்ரி பேராலயத்துக்குப் பதிலாக எழுப்பப்பட்ட புதிய ஆலயத்தில், 1962 மே 30 அன்று 'வார் ரெக்வியம்' என்னும் அவருடைய இசைப் படைப்பு ஒலித்தது. இறந்தோருக்கான லத்தீன் வழிபாட்டு வரிகளுக்கு இடையே, முதல் உலகப் போர் முடிவதற்கு ஒரு வாரம் முன்பு களத்தில் மாண்ட வில்ஃபிரட் ஓவனின் கவிதைகள் ஒன்பதைக் கோத்திருந்தார். இங்கிலாந்து, ஜெர்மனி, ரஷ்யா ஆகிய மூன்று நாட்டுப் பாடகர்களும் சேர்ந்து பாட வேண்டும் என்பது அவர் விருப்பம். ரஷ்யப் பாடகி கலினா விஷ்னெவ்ஸ்காயாவுக்குச் சோவியத் அரசு அனுமதி தராததால், அன்று அவருக்குப் பதிலாக ஹீதர் ஹார்ப்பர் பாடினார். 1942இல் பர்மாவை விட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களின் கதைகள் இன்னமும் பேசப்படும் செட்டிநாட்டு வீடுகளில், இதை யாருடைய போரோ என்று தள்ளிவைத்துக் கேட்க முடியாது.

1955, 56இல் அவர் கீழை நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தார். பாலித் தீவின் கேமலான் இசை 'தி பிரின்ஸ் ஆஃப் தி பகோடாஸ்' என்னும் நாட்டிய நாடகத்தில் ஒலிக்கிறது. ஜப்பானிய நோ நாடகத்தைத் தழுவிய 'கர்லியூ ரிவர்' 1964இல் வந்தது. மகனை இழந்து அலையும் தாயின் அந்தக் கதையை ஆங்கிலேய ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, துறவிகள் நடிக்கும் தேவாலய நாடகமாகவே மாற்றிவிட்டார். கடன் வாங்கியதன் சாயலே தெரியாத இந்த முதிர்ச்சிக்காக, அவருடைய படைப்புகளில் இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

1973இல் இதய அறுவை சிகிச்சை அவரை மிகவும் தளர்த்திவிட்டது. 1976 டிசம்பர் 4 அன்று ஆல்ட்பரோவில் காலமானார்.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 'பீட்டர் கிரைம்ஸ்' ஓபராவின் நான்கு கடல் இடையிசைகளிலிருந்து தொடங்கலாம். கால் மணி நேரம் போதும். அது பிடித்துவிட்டால், பியர்ஸ் பாட பிரிட்டனே நடத்திய 1958ஆம் ஆண்டின் முழுப் பதிவைப் பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.