பிடியரிசி

இன்று காலை அரிசி களையும்போது அம்மா ஞாபகம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் பிடியரிசிக் காணிக்கை உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொடுப்பார்கள்.

அப்பாவுக்கு வேலை போன வருடம். அரிசி அள்ளினால் உழக்கு பானையின் அடியில் உரசும் சத்தம் கேட்கும். அன்றும் அம்மா ஒரு பிடியை அந்தப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார்கள்.

“நமக்கே இல்லையேம்மா!”

“சாறிபாத் விதவையோட பானை காலியாச்சா மக்கா?”

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தில் வருகிறவள். பஞ்ச காலத்தில், இருந்த கடைசி மாவில் முதல் அடையை எலியா தீர்க்கதரிசிக்குச் சுட்டுக் கொடுத்தவள் அவள். கர்த்தர் அவள் வீட்டில் மூட்டை மூட்டையாக இறக்கவில்லை. பானையில் மாவு தீரவில்லை, கலசத்தில் எண்ணெய் குறையவில்லை, அவ்வளவுதான். அன்றன்றைக்கு உள்ளது அன்றன்றைக்கு. செங்கடல் பிளந்ததைவிட இந்தப் பானைதான் எனக்குப் பெரிய அற்புதமாகத் தெரிகிறது. எங்கள் வீட்டிலும் அந்த வருடம் ஒருநாள்கூட அடுப்பு எரியாமல் இருந்ததில்லை.

இந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. சரி, ஒரு பிடி எடுத்து வைத்துவிட்டுத்தான் உலை வைத்தேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே.