நோட்டில் ஏறிய 31417 சுற்று

அன்னூர்ப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் போர் மோட்டார்தான். ஆயிரம் அடி ஆழத்தில் கிடந்தது ஒரு ஃபேஸ் போய் எரிந்து மேலே வரும். எரிந்த காயிலை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் என்று நீள நோட்டில் குறித்த பிறகுதான் புதுக் கம்பியைத் தொடுவேன். எண்ணிக்கை தப்பினால் மோட்டார் சூடாகும். தோட்டத்துக்காரர் அதைவிடச் சூடாக வருவார்.

கடையைச் சாத்திச் சாப்பிட்டு முடித்தால், ஒரு மணி நேரம் பழைய கணினி முன்னால் உட்காருவேன். அங்கேயும் சுற்று எண்ணும் வேலைதான். இரண்டு வருசமாகத் தினம் ஒரு ஃபிராக்டல் படம். எவ்வளவு பெரிதாக்கினாலும் உள்ளே அதே மாதிரி உருவம் வந்துகொண்டே இருக்கும் படம் அது. 'நல்லா வரையறீங்க' என்று யாராவது சொன்னால் கூச்சமாக இருக்கிறது. நான் ஒரு கோடு கூட இழுப்பதில்லை.

கணக்கு இவ்வளவுதான். சி என்று ஓர் எண். பூஜ்யத்தில் ஆரம்பித்து, கையில் இருப்பதை வர்க்கமாக்கி சி-யைக் கூட்ட வேண்டும். வந்த விடையை மறுபடி வர்க்கமாக்கி, மறுபடி சி-யைக் கூட்ட வேண்டும். சி 0.5 என்றால் 0.5, 0.75, 1.0625, 1.6289, 3.1533 என்று போகும். 2-ஐத் தாண்டிவிட்டால் அப்புறம் திரும்பி வராது, ஓடியே போய்விடும். ஆக 0.5-க்கு ஐந்து சுற்று. சி -1 என்றால் -1, 0, -1, 0 என்று செக்கு மாடு மாதிரி அங்கேயே கிடக்கும். ஓடாத புள்ளிக்குக் கறுப்பு. ஓடிய புள்ளிக்கு, எத்தனையாவது சுற்றில் ஓடியதோ அதற்கேற்ற நிறம். ஐபிஎம்மில் இருந்த பெனுவா மாண்டல்பிராட் 1980-ல் இதைக் கணினியில் போட்டுப் பார்த்தார். ஃபிராக்டல் என்ற பெயரும் 1975-ல் அவர் வைத்ததுதான்.

சி வெறும் நேர்கோட்டு எண்ணாக இருந்தால் படம் வராது, கலப்பெண் வேண்டும். அதாவது ஒரு சாதாரண எண், கூடவே -1-இன் வர்க்கமூலத்தின் ஒரு மடங்கு. முதலாவது படத்தில் இட வலம், இரண்டாவது மேல் கீழ். டிப்ளமோ எலெக்ட்ரிக்கல் படித்தவனுக்கு அது பழைய சிநேகிதன். அந்த வர்க்கமூலத்தைக் கணக்கு வாத்தியார்கள் ஐ என்று எழுதுவார்கள், நாங்கள் ஜே என்போம், ஐ எங்களுக்குக் கரண்ட். பைத்தான் நிரல் மொழியிலும் ஜே-தான். அதைப் பார்த்ததும் நம்ம ஆள் என்று தோன்றிவிட்டது.

மொத்த உருவம் ஒரு கறுப்பு வயிறு, அதன் இடப்பக்கம் ஓர் உருண்டைத் தலை, உடம்பெல்லாம் பரு. பார்க்க ஒன்றும் அழகில்லை. அழகெல்லாம் ஓரத்தில் இருக்கிறது. தலையும் வயிறும் ஒட்டும் கழுத்து -0.75. அங்கே இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு புள்ளிதான். 1991-ல் டேவ் போல் என்பவர், இந்தக் கழுத்து நிஜமாகவே அவ்வளவு மெல்லியதுதானா என்று சோதிக்க, கழுத்துக்கு நேர் மேலே கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் போய்ச் சுற்றை எண்ணினார். படித்தபோது நம்பவில்லை. எண்ணுவது நம் தொழில், எண்ணிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

1 தள்ளி நின்றால் 3 சுற்றில் ஓடுகிறது. 0.1 தள்ளி 33. 0.01-க்கு 315. 0.001-க்கு 3143. 0.0001-க்கு 31417.

தள்ளிய தூரத்தைச் சுற்றால் பெருக்கினால் கடைசியில் 3.1417. பை! வட்டமும் இல்லை, விட்டமும் இல்லை. பெருக்கலும் கூட்டலும் மட்டும்தான். அதற்குள் 3.14159 வந்து உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குப் படமே போடவில்லை. ஐந்து எண்களையும் பக்கத்தில் கிடந்த நோட்டில் எழுதிவிட்டுத் தூங்கப் போனேன்.

அந்தக் கழுத்துப் பள்ளத்துக்குக் கடற்குதிரைப் பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் கடற்குதிரையை நேரில் பார்த்ததில்லை. கடைக்கு வந்த ஒரு பெரியவர் செல்போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, பந்தல்ல பாகக்கொடி பத்துற மாதிரியே இருக்குதே" என்றார். அதற்கப்புறம் எனக்கு அது பாகற்கொடிப் பள்ளம்தான். கொடிச்சுருளின் நுனியைப் பெரிதாக்கினால் அதிலும் சுருள், அதன் நுனியிலும் சுருள். கோலம் மாதிரி இருக்கிறதென்று சொல்லாத ஆளில்லை, எனக்கு ஒப்பில்லை. கோலம் போடுகிறவளுக்குக் கடைசிப் புள்ளி எதுவென்று முதலிலேயே தெரியும்.

நுனிக்குள் நுனியாக எவ்வளவு தூரமும் போகலாம் என்று நினைத்தேன். லட்சம் கோடி மடங்கைத் தாண்டி உள்ளே போனபோது, சுருளெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதைந்தது. மானிட்டர் போய்விட்டதென்று கழற்றிக் கூட வைத்தேன். கோளாறு அதில் இல்லை. சாதாரணக் கணக்கில் கணினி பதினைந்து, பதினாறு இலக்கம்தான் பிடித்து வைக்கும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் அதற்கு ஒரே எண்ணாகத் தெரிந்திருக்கின்றன. கூடுதல் இலக்கம் வைத்தும் கணக்குப் போடலாம், ஆனால் படம் நத்தை வேகத்தில் வரும். அப்படி ஒன்றை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, விடிகாலை நாலு மணிக்குக் கரண்ட் போய், மொத்தமும் போனது. இப்போதெல்லாம் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் சேமித்துக்கொள்கிறேன். கரண்ட்டை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் பெரிய படம் கிடையாது. வோல்டேஜ் குறைந்து, மோட்டார் வரிசையாக வந்து நிற்கும். ஆயிரத்துக்கு ஆயிரம் புள்ளி, அதிகபட்சம் 2000 சுற்று. அதற்கே கணினி 200 கோடி தடவை வரை பெருக்கிக் கூட்ட வேண்டி வரும்.

போன வாரம், கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்:

"ஏனுங்கண்ணா, இந்த 31417 சுத்து எந்தத் தோட்டத்து மோட்டாருங்க?"