எஃப்-100க்கு கிரவுன் விக்டோரியாவின் முன்பகுதி
ஒருவழியாக என் 1966 ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பின் முன்பக்கத்தை முழுசாகக் கழற்றியாச்சு. அதில் இருந்தது 1965இல் ஃபோர்டு கொண்டுவந்த ட்வின் ஐ-பீம் அமைப்பு, அதாவது முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பீம் வைத்த சஸ்பென்ஷன். உறுதியில் குறை சொல்லவே முடியாது. ஆனால் சக்கரம் ஏறி இறங்கும்போது பீமோடு சேர்ந்து சாயும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். போதாததற்கு டிரம் பிரேக் வேறு.

இனி ஃபோர்டின் கிரவுன் விக்டோரியா காரின் (2003 மாடல் முதல் வந்தது) முன்பகுதிதான். அலுமினியக் குறுக்குச்சட்டம், கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை), டிஸ்க் பிரேக், ரேக் ஸ்டியரிங் எல்லாம் ஒரே செட்டாகக் கழன்று வரும். பழைய சேசிஸை அளந்து வெட்டி, பிளேட் வைத்து வெல்டிங் அடிப்பதில்தான் உயிரே இருக்கிறது. அதை நல்ல அனுபவசாலியிடம்தான் கொடுப்பேன். முன்சக்கரங்களுக்கு இடையேயான அகலமும் கூடும், அதனால் ஆஃப்செட் அதிகமான, அதாவது இன்னும் உள்ளே தள்ளி உட்காரும் வீல் வேண்டும்.

இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால், ஸ்டியரிங் ஷாஃப்ட்டை எப்படி இணைத்தீர்கள் என்று கொஞ்சம் சொல்லுங்களேன்.