வெட்டச் சொல்லி வந்த வண்டி

லாரியின் யூரியா டேங்கின் மூடியைத் திருகித் திறந்ததும் வேப்பெண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது. போன செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி இருக்கும். மாதவரத்தில் என் பட்டறைக்கு அப்போதுதான் டீ வந்திருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை குனிந்து மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, வேப்பெண்ணெய்தான்.

வண்டி, 40 அடி கண்டெய்னர் இழுக்கிற டிரெய்லர். 2021 மாடல், பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தது. சொந்தக்காரனும் டிரைவரும் ஒருவனே. முப்பது வயது கூட ஆகாத பையன், மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். முந்தைய இரவு மேம்பாலம் ஏறும்போது வண்டி இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட மறுத்துவிட்டதாம். டேஷ்போர்டில் மூன்று விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவன் கையோடு ஒரு தீர்ப்பும் கொண்டுவந்திருந்தான்.

"அண்ணே, புகைக் குழாயில் கரி பிடிக்கிற அந்த ஃபில்டர் அடைத்துவிட்டதாம். அதை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை வைத்துப் பற்றவைத்துவிடுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரிலும் அதை அணைத்துவிட்டால் விளக்கு எரியாதாம். அப்படியே கொஞ்சம் இழுவையும் கூட்டிக் கொடுங்கள்."

வேறொரு பட்டறையில் இதற்கு முப்பதாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். அரை நாள் வேலை. புது ஃபில்டர் என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டும். இரண்டு டிரிப்பை இழந்துவிட்ட ஒருவனிடம் இந்தக் கணக்கை எதிர்த்துப் பேசுவது எளிதில்லை. ஆனால் வெட்டுவதற்கு முன்னால் அது ஏன் அடைத்தது என்று எவரும் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

யூரியாவுக்கு வருகிறேன். விவசாயத்துக்கு மானிய விலையில் கொடுக்கிற யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வர வேண்டும் என்று 2015-இல் அரசு உத்தரவு போட்டது. புகையின் நச்சைக் குறைக்க லாரியின் டேங்கில் ஊற்ற வேண்டியது வேறு. 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். அதில் எந்த எண்ணெயும் இருக்கக் கூடாது. இவன் செங்குன்றம் போகும் வழியில் லேபிள் இல்லாத கேனில் மலிவாக வாங்கியிருக்கிறான். யாரோ வயலுக்குப் போக வேண்டிய மூட்டையைப் பிரித்து போர் தண்ணீரில் கரைத்து விற்றிருக்கிறார்கள். விவசாயியின் பங்கும் போயிற்று, இவன் வண்டியும் நின்றது.

யூரியா பீய்ச்சும் நாஸிலைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தேன். நுனி முழுவதும் வெள்ளையாக, கற்கண்டு படிந்த நூல் போல இருந்தது. சுடுதண்ணீரில் போட்டால் பாதி கரைந்தது. மீதி பாறையாக நின்றது. கரண்டியால் சுரண்டினால் நறநறவென்று உதிர்ந்தது. இந்த நாஸில் சூடான புகைக்குள் யூரியாவைத் தூவுகிறது. அது அங்கே அம்மோனியாவாக மாறி, அடுத்த அறையில் புகையில் இருக்கும் நச்சு வாயுவான நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து, வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக வெளியே போகிறது. தூவல் சரியில்லை என்றால் குழாயில் இருக்கும் சென்சார் கண்டுபிடித்துவிடும். முதலில் விளக்கைக் காட்டும், பிறகு இழுவையைக் குறைக்கும். ஆக வண்டி இழுக்காமல் போனது இன்ஜினில் பலம் இல்லாததால் அல்ல. அவன் ஊற்றிய தண்ணீரை அது ஏற்கவில்லை.

ஃபில்டர் அடைத்தது தனிக் கதை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து அடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்து அடி. இன்ஜின் மணிக்கணக்கில் ஐடிலிங்கில் ஓடும். புகை சூடேறாது. ஃபில்டரில் சேரும் கரியைத் தானே எரித்துக்கொள்ள அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு தேவை. அந்த வேலை தொடங்கும்போது ஐடிலிங் கொஞ்சம் ஏறும், குழாயிலிருந்து அனல் அடிக்கும். பையன் பயந்து, நிறுத்தும் பட்டனை அழுத்திவிடுவானாம். எத்தனை மாதமாக என்று கேட்டேன். வண்டி வாங்கியதிலிருந்து என்றான். அந்தப் பட்டன் எதற்கு என்று விற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

இந்தக் கோபத்தில் எனக்கும் ஒரு பழைய கடன் இருக்கிறது. 1994-இல், பதினேழு வயதில், புதுப்பேட்டையில் லாரி இன்ஜினின் டீசல் பம்பைப் பழுதுபார்க்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது டியூனிங் என்றால் ஸ்க்ரூடிரைவரும் ஸ்பேனரும்தான். டீசல் பம்பில் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூவுக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்திருப்பார்கள். அதை அறுத்து அரைச் சுற்று திருகினால் டீசல் கூடும், இழுவையும் கூடும். எரிவதற்குக் காற்றுப் போதாமல் மிச்சம் கரும்புகையாகப் போகும். கறுப்பாகப் புகைத்தால்தான் வண்டி இழுக்கும் என்று முதலாளிகள் நம்பிய காலம் அது. புகைச் சோதனைக்கு முந்தைய நாள் ஸ்க்ரூவைக் குறைப்போம். சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் கூட்டுவோம். அதைச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் வீடு அப்போது திருவொற்றியூரில், நெடுஞ்சாலைக்கு மூன்றாவது வீடு. அம்மா கொடியில் காயப்போட்ட வேட்டிகளை மாலையில் எடுத்து உதறிக்கொண்டே உள்ளே வருவாள். மடிப்பில் கறுப்புக் கோடு இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் அது இன்னும் பரவும். அவள் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை, அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக வகைப்படுத்திய செய்தியைப் படித்தபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வேட்டிகள்தான்.

2020 ஏப்ரலில் நாடு பி.எஸ். 4-இலிருந்து 5-ஐத் தாண்டி நேராக 6-க்குப் போனது. டீசலில் இருக்கும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆனது. கனரக வண்டிக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, ஒரு கிலோவாட் மணி வேலைக்கு 3.5 கிராமிலிருந்து 0.46 கிராம் ஆனது. இந்த வண்டியில் ஃபில்டரையும் யூரியா அமைப்பையும் நான் பிடுங்கி எறிந்தால், அது ஏழெட்டு நல்ல வண்டிகளின் நச்சை ஒரே குழாயில் கக்கும். புகைச் சோதனை மையமும் அதைக் கண்டுபிடிக்காது. டீசல் வண்டிக்கு அங்கே அளப்பது புகையின் கருமையை மட்டும். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. வெட்டும் கடைகள் தைரியமாக நடப்பது இந்த ஓட்டையில்தான். இதை அடைக்காமல் சாலையில் நிறுத்தி அபராதம் மட்டும் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சட்டத்தையும் பையனிடம் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. காற்று மாசு விதியை மீறினால் 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் போகும். அவன் தலையாட்டினான், அவ்வளவுதான். அலமாரியில் வைத்திருக்கும் பிஸ்டனைக் காட்டியபோதுதான் முகம் மாறியது. எங்கோ இழுவை கூட்டி, ஓவர்லோடு ஏற்றி ஓட்டிய வண்டியிலிருந்து கழற்றியது. தலைப்பகுதி உருகி, ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு ஓட்டை. விரலை விட்டுப் பார்த்தான்.

"இது எந்த வண்டி, அண்ணே?"

"உன்னை மாதிரியே தவணை கட்டிக்கொண்டிருந்த ஒருவனுடையது, தம்பி."

அதன்பின் அவன் வெட்டச் சொல்லவில்லை. டேங்கைக் கழற்றிக் கழுவினோம். நாஸில் மாற்றினோம். இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் கிளாம்ப் ஒன்று தளர்ந்து காற்று கசிந்திருந்தது. கரி சேர்வதற்கு அதுவும் ஒரு காரணம். புது கிளாம்ப் போட்டு, வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, ஸ்கேனரை மாட்டி ஃபில்டரில் சேர்ந்த கரியை எரியவிட்டோம். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. எல்லாம் சேர்ந்து வெட்டுவதற்குக் கேட்ட தொகையில் பாதிக்குச் சற்று மேல் வந்தது.

குழாய் ஆறியதும் அவன் கையில் வெள்ளைப் பனியன் வேஸ்ட்டைக் கொடுத்து, புகைக் குழாயின் உள்பக்கம் துடைக்கச் சொன்னேன். லேசான சாம்பல் நிறம் மட்டும் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பழைய டிப்பர் ஒன்று பிரேக் வேலைக்கு நின்றது. அதன் குழாயில் அதே துணியின் மறுமுனையை விட்டான். மை போல ஒட்டிக்கொண்டு, கை விரல்களுக்கும் வந்துவிட்டது. சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினான்.

வியாழக்கிழமை இரவு பதினொன்றே முக்காலுக்குப் போன் வந்தது. லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருக்கிறான். "அண்ணே, விளக்கு எரிகிறது. பட்டனைத் தொடவில்லை. அனல் அடிக்கிறது. நிறுத்தட்டுமா?"

"நிறுத்தாதே, சீராக ஓட்டிக்கொண்டே வா. நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், கீழே காய்ந்த புல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்து" என்றேன். போனை வைக்காமல் இருவரும் காத்திருந்தோம். இருபது நிமிடத்துக்குப் பிறகு விளக்கு அணைந்துவிட்டது என்றான்.